பாயிண்ட் மேல் போடும் பழி

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லிப் பாருங்கள். அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ, ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டோ, எதுவானாலும் வரும் யோசனை ஒன்றுதான்: "பாயிண்டைக் கழட்டிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் மாட்டிடுங்க சார், அப்புறம் தொல்லையே இருக்காது." பானட்டைத் திறக்காமலே வரும் தீர்ப்பு இது. பேட்டரி எப்படி இருக்கிறது, செல்ஃப் எடுக்கிறதா, பிளக் நனைந்திருக்கிறதா என்று கேள்வி எதுவும் கிடையாது. குற்றவாளி யார் என்பது முன்பே முடிவாகிவிட்டது. வழக்குதான் இனி எழுத வேண்டும்.

இந்த யோசனை தப்பு என்பதே என் கட்சி. எலக்ட்ரானிக் இக்னிஷன் மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. அது நல்ல பொருள்தான், எங்கே, யாருக்கு என்று பிறகு சொல்கிறேன். ஆனால் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிற ஒரு பழைய வண்டிக்கு அது மருந்து அல்ல. காய்ச்சலில் படுத்திருப்பவனுக்குப் புது மூக்குக்கண்ணாடி வாங்கிப் போடுகிற வைத்தியம் அது. காய்ச்சல் தானாக இறங்கினால் கண்ணாடிக்குப் பேர் வரும். இறங்காவிட்டால் நோயும் இருக்கும், செலவும் ஏறியிருக்கும், நோயைக் கண்டுபிடிக்க இருந்த சுலபமான வழியும் அடைபட்டுப் போயிருக்கும்.

பாயிண்ட் என்பது என்ன? ஒரு சுவிட்ச். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் டெல்கோ நிறுவனத்தின் சார்ல்ஸ் கெட்டரிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய ஏற்பாடு இது. 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பேட்டரியிலிருந்து வரும் கரண்ட், சாவி சுவிட்சைத் தாண்டி, காயிலின் தடித்த சுற்று வழியாக ஓடி, மூடியிருக்கும் பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போகிறது. ஓடும்போது காயிலுக்குள் காந்தப் புலம் நிரம்புகிறது. கேம் சுழன்று பாயிண்டைத் திறந்ததும் கரண்ட் சட்டென்று அறுபடுகிறது, காந்தப் புலம் சரிகிறது, மெல்லிய சுற்றில் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாகிறது. திறக்கும் அந்தக் கணத்தில் பாயிண்டின் இரு முனைகளுக்கு நடுவே தீப்பொறி நீளாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சரின் வேலை. நாலு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் இந்தக் கதை விநாடிக்கு 100 தடவை நடக்கிறது. தலைமுறை தலைமுறையாக உலகத்துப் பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடின, பனியிலும் பாலைவனத்திலும்.

"எலக்ட்ரானிக் போட்டால் பொறி பலமாக வரும்" என்பது முதல் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண கிட்டைப் பிரித்துப் பாருங்கள். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் அடங்கும் ஒரு சென்சார், ஒரு டிரான்சிஸ்டர், சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். பாயிண்ட் செய்த சுவிட்ச் வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது, அவ்வளவுதான். காயில் அதே காயில். பேட்டரி அதே பேட்டரி. சாவி சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, நாற்பது வருஷத்து வயர் எல்லாம் அதே. பொறியின் பலத்தைத் தீர்மானிப்பது காயிலில் ஓடும் கரண்ட். அதுவும் நேர் விகிதத்தில் அல்ல, வர்க்கத்தில். 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 8 வோல்ட் வந்தால் பொறியின் சக்தி மூன்றில் இரண்டு பங்காகக் குறையும் என்று நினைக்காதீர்கள், ஒன்பதில் நாலு பங்காகிவிடும். பாதிக்கும் கீழே. சுத்தமான பாயிண்டில் வோல்டேஜ் நஷ்டம் கிட்டத்தட்ட இல்லை. டிரான்சிஸ்டரோ தனக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. காயிலையும் சேர்த்து மாற்றும் முழு செட்டுகள் வேறு ரகம். ஊரில் விற்கிற, மாட்டுகிற கிட் பெரும்பாலும் அது அல்ல.

வோல்டேஜ் எங்கே போகிறது? இதுதான் விஷயத்தின் மையம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நிறைந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12 காட்டினால் ஏறக்குறைய காலி என்று அர்த்தம். செல்ஃப் சுற்றும்போது நல்ல பேட்டரியே 10 வோல்ட் பக்கம் இறங்கும், களைத்த பேட்டரி 9க்கும் கீழே போகும். அதன் மேல் சாவி சுவிட்சின் தேய்ந்த முனை ஒரு வோல்ட் தின்னும், பச்சைக் களிம்பு பூத்த டெர்மினல் அரை வோல்ட் தின்னும். கடைசியில் காயிலுக்குக் கிடைப்பது ஏழோ எட்டோ. அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதில் என்ன ஆச்சரியம்? பாயிண்ட் என்ன பாவம் செய்தது? இன்னொன்றும் உண்டு. பாயிண்டுக்கு இவ்வளவு வோல்ட் இருந்தால்தான் வேலை செய்வேன் என்ற நிபந்தனை கிடையாது, கிடைத்த கரண்டை அறுத்துக் கொடுக்கும். எலக்ட்ரானிக் மாட்யூல் ஒரு அளவுக்குக் கீழே வோல்டேஜ் இறங்கினால் பேசாமல் இருந்துவிடும். இளைத்த பேட்டரியோடு நிற்கும் வண்டியில் கிட்டை மாட்டுபவர் நிலைமையை மோசமாக்குகிறார்.

எர்த் சங்கதி இதைவிடச் சுவையானது. என்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் ஓடாது. அதனால் என்ஜினையும் சேஸிஸையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். எண்ணெயும் அழுக்கும் படிந்து அது துருப்பிடித்தோ அறுந்தோ போனால், செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். சோக் கேபிள் வழியாகப் போகும், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் சோம்பலாகச் சுற்றும்போது சோக் குமிழ் கைக்குச் சூடாக இருந்தால் வேறு எதையும் சோதிக்காதீர்கள், நேராக எர்த் பட்டையைப் பாருங்கள். இதற்கு எந்த எலக்ட்ரானிக் பெட்டி பதில் சொல்லும்?

இரண்டாவது வாதம் கண்ணுக்குத் தெரிகிற சாட்சியோடு வருகிறது. மெக்கானிக் பாயிண்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். "பாருங்க சார், எரிஞ்சு போயிருக்கு." எரிந்துதான் இருக்கும். ஆனால் எரிந்த பாயிண்ட் குற்றவாளியா, கொலையுண்டவனா? பாயிண்ட் தானாக எரிவதில்லை. கண்டென்சர் செத்திருந்தால் எரியும். ரெகுலேட்டர் கட்டுப்பாடில்லாமல் சார்ஜ் ஏற்றினால் எரியும். எல்லாவற்றையும்விட நம் ஊரில் சாதாரணமாக நடப்பது காயில் மாற்றம். அசல் காயிலின் தடித்த சுற்றில் சுமார் 3 ஓம் தடை இருக்கும், 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். பேலஸ்ட் ரெசிஸ்டர் என்ற வெளித் தடையோடு சேர்த்து ஓட வேண்டிய 1.5 ஓம் காயிலை, பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டிவிட்டால் 8 ஆம்பியர் ஓடும். பாயிண்ட் கருகாமல் என்ன செய்யும்? அதே காயிலோடு எலக்ட்ரானிக் கிட்டை மாட்டினால் இந்த முறை டிரான்சிஸ்டர் கருகும். கருகிய பாயிண்டை அரத்தால் ராவி வீடு வந்து சேரலாம். கருகிய டிரான்சிஸ்டரை என்ன செய்வீர்கள்?

சாவியை ஆனில் விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கிறவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. பல பிரிட்டிஷ் நாலு சிலிண்டர் டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஒவ்வொரு 90 டிகிரிக்கும் 60 டிகிரி பாயிண்ட் மூடியே இருக்கும். என்ஜின் எங்கே நின்றாலும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, பாயிண்ட் மூடிய நிலையில் நிற்பதற்கு. கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் கொதிக்கும். இது பாயிண்டின் குறை என்றால், இரவெல்லாம் எரிந்த ஹெட்லைட்டும் பல்பின் குறைதான்.

சரி, பாயிண்ட் அவ்வளவு நல்லதென்றால் உலகமே ஏன் அதைக் கைவிட்டது? இதுதான் மூன்றாவது வாதம், கேட்பவரை மடக்குவது போலத் தோன்றும். கைவிட்ட காரணத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், காரின் புகை அளவு 5 வருஷம் அல்லது 50,000 மைல் வரை வரம்புக்குள் நிற்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களைப் பொறுப்பாக்கியது. பாயிண்டில் கேம் மேல் உரசும் ஃபைபர் கட்டை மெல்ல மெல்லத் தேயும். தேய்ந்தால் இடைவெளி சுருங்கும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும், புகை மாறும். உரிமையாளர் ஒழுங்காக டியூன் செய்வார் என்று நம்பிக் கையெழுத்துப் போட எந்த கம்பெனியும் தயாராக இல்லை. கிரைஸ்லர் 1973 மாடலிலேயே தன் அமெரிக்கக் கார்களுக்கெல்லாம் எலக்ட்ரானிக் இக்னிஷனைப் பொதுவாக்கியது, மற்றவர்களும் சீக்கிரமே பின்தொடர்ந்தார்கள். பராமரிப்பை மறந்துபோகும் உரிமையாளரையும் புகைச் சட்டத்தையும் மனத்தில் வைத்து எடுத்த முடிவு அது. காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்காக எடுத்தது அல்ல. அந்தப் புது கார்களில் வயரிங், காயில், பிளக் ஒயர் எல்லாமே சேர்ந்து மாறின என்பதையும் மறக்கக்கூடாது. நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் பிடுங்கிவந்து 1960களின் வயரிங்கில் செருகுவதும் அதுவும் ஒன்றாகாது.

இனி நான் சொல்கிற மாற்று என்ன என்று கேட்பீர்கள். மாற்று ஒரு டெஸ்ட் லாம்ப், அல்லது சாதாரண மல்டிமீட்டர், பாயிண்ட் இடைவெளியை அளக்க ஒரு ஃபீலர் கேஜ், கால் மணி நேரப் பொறுமை.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. காய்ந்திருந்தால் இக்னிஷனை விட்டுவிட்டு பெட்ரோல் பக்கம் போங்கள். இப்போது எதற்கெடுத்தாலும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்பது ஒரு நாகரிகமாகியிருக்கிறது. E20 பழைய ரப்பர் ஹோஸ்களையும் டயாஃபிரத்தையும் பதம் பார்க்கக்கூடியது என்பது உண்மை. அதற்காக நனைந்த பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு பெட்ரோலைத் திட்டுவது நியாயமில்லை.

பிளக் நனைந்திருக்கிறதா? பிளக் ஒயரில் பொறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் காயிலுக்கு வாருங்கள். லூகாஸ் காயிலின் தலையில் இரண்டு சின்ன டெர்மினல் இருக்கும். ஒன்றில் எஸ்.டபிள்யூ., மற்றதில் சி.பி. என்று எழுதியிருக்கும், பிற்காலத்துக் காயிலில் பிளஸ், மைனஸ். எஸ்.டபிள்யூ. சாவி சுவிட்சிலிருந்து வருவது, சி.பி. பாயிண்டுக்குப் போவது. சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்படி என்ஜினைக் கையால் திருப்பி நிறுத்தி, எஸ்.டபிள்யூ. டெர்மினலில் வோல்டேஜ் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்படி என்று சொல்வதைக் கவனியுங்கள், இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். பாயிண்ட் திறந்திருந்தால் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாத வயரில், அது எவ்வளவு இற்றுப்போயிருந்தாலும், மீட்டர் முழு வோல்டேஜையும் காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் இற்ற வயரின் குட்டு வெளிப்படும். பேட்டரியில் 12.4 இருந்து இங்கே 10 இருந்தால், நடுவில் எங்கோ திருடன் இருக்கிறான். பேலஸ்ட் ரெசிஸ்டர் வைத்த வண்டியில் இங்கே குறைவாகத்தான் காட்டும், அதைத் திருட்டு என்று எண்ணிவிட வேண்டாம். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து இந்த டெர்மினலுக்குத் தனியாக ஒரு வயர் கொடுத்துப் பாருங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் கோளாறு சுவிட்சிலோ ஃபியூஸிலோ வயரிலோ. சோதித்தபின் அந்த வயரை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாவியைத் திருப்பினாலும் என்ஜின் அணையாது.

இப்போது சி.பி. டெர்மினல். பாயிண்ட் மூடியிருக்கும்போது இங்கே கிட்டத்தட்ட சைபர் இருக்க வேண்டும், திறந்தால் பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். டெஸ்ட் லாம்ப் என்றால் மூடும்போது அணையும், திறக்கும்போது எரியும். என்ஜினைத் திருப்பத் திருப்ப எரிந்து அணைந்தால் பாயிண்ட் தன் வேலையைச் செய்கிறது, அதன் மேல் இருக்கும் சந்தேகத்தை அங்கேயே விட்டுவிடலாம். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் கரண்ட் போகவில்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பாயிண்ட் முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்துவிடும். புதுப் பாயிண்டிலும் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும், துடைக்காமல் மாட்டிவிட்டு "புது பாயிண்டும் சரியில்லை" என்பவர்கள் ஏராளம். ஒரு கெட்டிக் காகிதத்தை இடையில் விட்டு இழுத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், அதன் துகள் முனையில் புதைந்துகொண்டு புதுத் தொல்லையைத் தரும். அதுவும் சரியாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் தட்டை உடலோடு இணைக்கும் மெல்லிய எர்த் வயரைப் பாருங்கள். வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே இழை அறுந்திருக்கும்.

லாம்ப் எப்போதும் அணைந்தே இருந்தால் பெரும்பாலும் சி.பி. பக்கம் எங்கோ எர்த் ஆகிறது. கண்டென்சரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், லாம்ப் எரிந்தால் கண்டென்சர் உள்ளே ஷார்ட். எரியாவிட்டால் பாயிண்ட் ஸ்ப்ரிங்கைப் பிடிக்கும் நட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன இன்சுலேட்டிங் வாஷரைப் பாருங்கள். புதுப் பாயிண்ட் போட்ட மறுநாள் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பலவற்றுக்கு இந்த வாஷரை மாற்றிப் போட்டதுதான் காரணம். இது பாயிண்டின் தப்பா, போட்டவரின் தப்பா?

கண்டென்சர் திறந்துபோயிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். சாவியைப் போட்டுப் பாயிண்டைச் சின்னத் திருப்புளியால் தட்டித் திறந்தால், நடுவில் மினுக்கென்று ஒரு பொறி வருவது சரி. பெரிதாக, வெள்ளையாக வெடித்தால் கண்டென்சர் இல்லை என்று அர்த்தம். இவ்வளவையும் பார்க்க முடிவது பாயிண்ட் கண்ணுக்குத் தெரிகிற சாதனம் என்பதால்தான். கறுப்புப் பிசினில் வார்த்து மூடிய மாட்யூலைத் தட்டிப் பார்த்து என்ன தெரிந்துகொள்வீர்கள்? அது உயிரோடு இருக்கிறதா என்று அறிய இன்னொரு மாட்யூல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் சாலையோரத்தில் இருக்கும் வழி.

புல்லட் வைத்திருப்பவர்களுக்கு டெஸ்ட் லாம்ப் கூட வேண்டாம். 1955 முதல் திருவொற்றியூரில் வேர்விட்ட அந்த வண்டியின் பழைய மாடல்களில், விளக்குத் தலைக்கு மேல் ஒரு ஆம்மீட்டர் இருக்கும். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். இப்படி முள் ஆடினால் பேட்டரி, சாவி, காயிலின் தடித்த சுற்று, பாயிண்ட் நாலும் பிழைத்திருக்கின்றன என்று ஒரே நேரத்தில் தெரிந்துவிடுகிறது. சாய்ந்தபடியே நின்றால் எங்கோ எர்த். நடுவிலேயே நின்றால் எங்கோ அறுந்திருக்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் இந்த முள்ளைப் பார்த்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, டிகம்ப்ரஸரைப் பிடித்து ஒரு எட்டு தாண்டவிட்டு, ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தார்கள். அழகுக்காக வைத்த டயல் என்று அதை நினைத்துக்கொண்டு எத்தனை பேர் வேர்க்க விறுவிறுக்க உதைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

காயிலின் நடு ஒயரில் கொழுத்த நீலப் பொறி வந்து, பிளக்கில் மட்டும் வரவில்லையென்றால் வழக்கு பாயிண்டைத் தாண்டிவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல், உள்ளே தேய்ந்த கார்பன் முனை, மழைக்கால ஈரம், இல்லாவிட்டால் மூடிக்குள் சுழன்று பொறியைப் பிரித்துக்கொடுக்கும் ரோட்டார். நடு ஒயரின் முனையை ரோட்டாரின் உலோகத் தகட்டுக்குப் பக்கத்தில், இன்சுலேஷன் போட்ட பிளேயரால் பிடித்துக்கொண்டு பாயிண்டைத் தட்டித் திறங்கள். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கக்கூடாது. பொறி ரோட்டாருக்குள் பாய்ந்தால் அது உள்ளுக்குள் ஓட்டையாகி, ஷாஃப்ட் வழியாக எர்த் ஆகிறது. இப்படித் திறந்தவெளியில் பொறியை விட்டுச் சோதிப்பதைப் பாயிண்ட் தாங்கும். பல எலக்ட்ரானிக் மாட்யூல்களை இந்தச் சோதனையே கொன்றுவிடும்.

ரோட்டார் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ இன்று புதிதாகக் கிடைக்கும் பாகங்களில் பல, கழற்றிப் போடுகிற பழைய பாகத்தைவிட மட்டம். ரோட்டாரின் பித்தளைத் தகட்டைப் பிடிக்க அடிக்கும் ரிவெட் ஷாஃப்டுக்கு மிக அருகே போய்விடுவதால் பொறி அதன் வழியே தாண்டிவிடுகிறது. மலிவான கண்டென்சர் ஆறியிருக்கும்போது வேலை செய்யும், என்ஜின் சூடானதும் கைவிரிக்கும். வண்டி டீக்கடை வாசலில் நின்று, ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். இதை அனுபவித்தவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த எரிச்சல் போக வேண்டிய இடம் பாகத்தின் தரம், பாயிண்ட் என்கிற ஏற்பாடு அல்ல. பாடியில் லூகாஸ் டிவிஎஸ்ஸும் பெங்களூரில் மைக்கோவும் வார்த்துக் கொடுத்த பழைய பாகங்கள் தூசி படிந்த பெட்டிகளில் இன்னும் கிடைக்கின்றன. கிடைத்தால் விடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கண்டென்சரை "வயசாச்சு" என்று மாற்றாதீர்கள். பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், மூடி, பிளக் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது டியூனிங் அல்ல. அஞ்சு புதுச் சந்தேக நபர்களை வீட்டுக்குள் விடுவது. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்தது.

"பாயிண்ட் தெரிஞ்ச மெக்கானிக் இப்போ எங்க சார் இருக்காங்க?" என்று கேட்பவர்களின் வாதத்தை மட்டும் என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. அது உண்மை. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது, அதற்கு வெகு முன்பே பாயிண்ட் போட்ட வண்டிகள் பட்டறைகளிலிருந்து மறைந்துவிட்டன. இன்றைய பையன்கள் ஸ்கேனர் செருகிப் படிக்கக் கற்றவர்கள், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் இந்த வாதத்தின் முடிவு எங்கே போகிறது என்று யோசியுங்கள். மெக்கானிக்குக் கோளாறு கண்டுபிடிக்கத் தெரியாது, ஆகவே அவர் இன்னொரு பெட்டியை மாட்டட்டும் என்கிறது. எர்த் பட்டையைப் பார்க்கத் தெரியாதவர் எலக்ட்ரானிக் கிட்டை மட்டும் சரியாக மாட்டிவிடுவாரா? 1960கள் வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாடி பிளஸ்ஸோடு இணைந்திருக்கும், பாசிட்டிவ் எர்த். அதைப் பார்க்காமல் நெகடிவ் எர்த் கிட்டை இணைத்தால் சாவி போட்ட கணத்தில் அது போய்விடும். 6 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் கிட் ஆகாது. சாதாரண செம்புக் கம்பி பிளக் ஒயரோடு சில மாட்யூல்கள் ஒத்துப்போகாது, தடையுள்ள ஒயர் கேட்கும். கற்றுக்கொள்ள வேண்டியது குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

பழைய வண்டியில் அசல் தன்மைக்கு மதிப்பு உண்டு என்பதும் இருக்கிறது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோக வண்டிகள் சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாம். நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். மூடிக்குள் ஒரு சென்சார் வைப்பதால் அந்தப் பதிவு போய்விடும் என்று நான் பயமுறுத்தவில்லை. அசல் கைப்பிடிக்கும் அசல் விளக்கு வளையத்துக்கும் ஊர் ஊராக அலைகிறவர்கள், வண்டிக்கு உயிர் கொடுக்கும் இடத்தில் மட்டும் இவ்வளவு அவசரப்படுவது ஏன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

யாருக்கு எலக்ட்ரானிக் நல்லது? பழைய காரைத் தினசரி ஓட்டுபவருக்கு, நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவருக்கு, அதிக சுற்றில் ஓடும் என்ஜினுக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்து ஆடுவதால் பாயிண்ட் இடைவெளி நிலைக்காத வண்டிக்கும் அது கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் இவர்கள் எல்லோரும் ஓடுகிற வண்டியில் மாட்டுகிறவர்கள். வயரிங் சரி, எர்த் சரி, பேட்டரி சரி, காயில் பொருத்தம் சரி என்று பார்த்தபின் மாட்டுகிறவர்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் மாட்டி அது ஸ்டார்ட் ஆனால், பெரும்பாலும் மாட்டும்போது யாரோ ஒரு டெர்மினலைக் கழற்றிச் சுரண்டி இறுக்கியிருப்பார்கள். பேர் கிட்டுக்குப் போகும்.

ஆகவே அடுத்த முறை வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்று, யாராவது கிட் வாங்கச் சொன்னால், அவரிடம் சி.பி. டெர்மினலில் பாயிண்ட் மூடியபோது எவ்வளவு வோல்ட், திறந்தபோது எவ்வளவு என்று கேளுங்கள். பார்த்துவிட்டுச் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். பார்க்காமல் சொன்னால் காசைப் பையிலேயே வையுங்கள். எல்லாம் பார்த்து முடித்தபின் எலக்ட்ரானிக் போடுவதென்றே முடிவு செய்தால், கழற்றிய பாயிண்ட் தட்டையும் ஓடிக்கொண்டிருந்த கண்டென்சரையும் ஒரு டப்பாவில் போட்டு, ஃபீலர் கேஜோடு வண்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.